கைப்பேசி அலறும்போது

பெட்டாலிங் ஜெயா, செக்‌ஷன் 17. பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில் ஒரு வீடு. பிற்பகல் மூன்று மணிக்கே வானம் கறுத்துவிட்டது. பாட்டியின் கைப்பேசி ‘டிங்’ என்று ஒலிக்கிறது. திரையில் ஒரு குறுஞ்செய்தி. ‘ஆர்எம்0’ என்று தொடங்குகிறது. மற்றவை எல்லாம் மலாய் மொழியில்.

“இது என்னன்னு பாருய்யா,” என்று பேரனிடம் நீட்டுகிறார் பாட்டி.

“கனமழை பெய்யுமாம் பாட்டி. தாழ்வான இடத்துல, ஆத்தோரத்துல இருக்கிறவங்க கவனமா இருக்கணும்னு போட்டிருக்கு.”

“போன வாரமும் இதைத்தான் சொன்னாங்க. ஒரு சொட்டு விழல. யாரு அனுப்புறாங்கன்னே தெரியல. பணம் பிடுங்குறவன் வேலையா இருக்கும், அழிச்சிடு.”

படிவம் மூன்றில் படிக்கும் அந்தப் பேரன் அழிப்பதற்காக விரலை வைத்தான். பிறகு, ஏனோ, எடுத்துவிட்டான்.

பாட்டியின் பேச்சில் இரண்டு ஐயங்கள் உள்ளன. சொன்னது நடக்கவில்லை என்பது ஒன்று. சொன்னவர் யாரென்று தெரியவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறானவை. முதல் ஐயம் செய்தியைப் பற்றியது. இரண்டாவது, அதை அனுப்பியவரைப் பற்றியது. இவற்றுள் எதையும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கைப்பேசி வைத்திருக்கும் உலக மக்கள் பலரும் இதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் ஐயத்திற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலேசிய வானிலை ஆய்வுத்துறையின் தலைமையகம் பெட்டாலிங் ஜெயாவிலேயே, ஜாலான் சுல்தானில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான மழை, புயல், நிலநடுக்க எச்சரிக்கைகளை வெளியிடும் துறை அது. அத்துறை வெளியிடும் இடிமழை எச்சரிக்கைக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஒரு மணி நேரத்தில் 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும், அது ஒரு மணி நேரத்திற்கு மேல் நீடிக்கும் என்ற அறிகுறி தென்பட வேண்டும். அப்படி வெளியிடப்படும் ஓர் எச்சரிக்கை அதிகபட்சம் ஆறு மணி நேரத்திற்கே செல்லுபடியாகும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை அடிக்கடி பெய்யக்கூடியது. எனவே எச்சரிக்கையும் அடிக்கடி வருகிறது.

ஆனால் இடிமழை மேகம் ஒரு மாவட்டத்தையே போர்த்திக்கொண்டு வருவதில்லை. சில கிலோமீட்டர் அகலமுள்ள மேகம் சுபாங் ஜெயாவில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும்; அந்த நேரத்தில் செக்‌ஷன் 17-இல் துணி காய்ந்துகொண்டிருக்கும். எச்சரிக்கையோ மாவட்டத்தின் பெயரைச் சொல்லி வருகிறது. நனைந்தவருக்கு அது மெய். நனையாதவருக்கு அது பொய். ஒரே செய்தி, இரண்டு அனுபவங்கள். நனையாத நாள்கள்தாம் பலருக்கும் அதிகம் என்பதால் பொய் என்ற எண்ணமே மனத்தில் தங்கிவிடுகிறது.

இத்தகைய எச்சரிக்கைகளைக் குறித்துப் பேசும்போது ‘புலி வருது’ கதையை எடுத்துக்காட்டுவது வழக்கம். உண்மையில் இந்தக் கதை இங்கே சரியாகப் பொருந்தாது. கதையில் வரும் சிறுவன் புலியைப் பார்க்காமலேயே கத்தினான், வேடிக்கைக்காகக் கத்தினான். வானிலை அதிகாரி புலியின் காலடித் தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் குரல் கொடுக்கிறார். புலி எந்த வீட்டுக் கொல்லைக்குள் நுழையும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. ஊரார் இந்த வேறுபாட்டை அறியவில்லை என்றால் இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுவார்கள். வேறுபாட்டை விளக்கிச் சொல்லாத எச்சரிக்கையும் அதற்குப் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

அடிக்கடி வரும் செய்தி சலிப்பைத் தரும் என்பதை மலேசியர்கள் ஏற்கெனவே அறிந்திருக்கிறார்கள். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, தேசியப் பாதுகாப்பு மன்றம் மக்களின் கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்திகளை அனுப்பத் தொடங்கியது. முதல் சில நாள்கள் குடும்பமே கூடி நின்று படித்தது. மாதங்கள் செல்லச் செல்ல, திறந்து பார்க்காமலேயே கடந்து போனவர்கள் பலர். செய்தியின் மதிப்பு குறையவில்லை. கேட்கும் காது களைத்துவிட்டது.

அப்படியென்றால் எச்சரிக்கைகளைக் குறைத்துக்கொண்டால் போதுமா? இதற்கு 2021 டிசம்பர் விடையளித்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்களில்தான் வெள்ளம் வரும் என்பது பலரின் மனக்கணக்கு. இம்முறை மழை சிலாங்கூரின் மேல் நின்றுவிட்டது. கோலாலம்பூரில் ஒரே நாளில் பெய்த மழை, ஒரு மாதத்தில் பெய்யும் சராசரி மழையைவிட அதிகம். ஷா ஆலாமில் கிள்ளான் ஆற்றை ஒட்டியுள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றவர்கள் படகுக்காக நெடுநேரம் காத்திருந்தனர். மின்சாரம் இல்லை, கைப்பேசியில் மின்னூட்டம் குறைந்துகொண்டே வந்தது. அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெள்ளத்தால் ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது.

வெள்ளம் வடிந்ததும் மக்கள் எழுப்பிய கேள்வி, “ஏன் இத்தனை எச்சரிக்கைகள்?” என்பதன்று. “ஏன் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை?” என்பதே. சேறு அப்பிய மெத்தைகளைத் தெருவில் குவித்துவைத்துவிட்டு மக்கள் அதைக் கேட்டார்கள். வானிலை அறிவிப்பு எங்கோ ஓர் இணையப் பக்கத்தில் இருப்பது வேறு. தாமான் ஸ்ரீ மூடாவில் உறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தட்டி எழுப்புவது வேறு.

ஸ்பெயின் நாட்டின் வலென்சியா மாநிலத்திலும் 2024 அக்டோபர் 29 அன்று இதே துயரம் நேர்ந்தது. அங்குக் கைப்பேசி எச்சரிக்கை இரவு எட்டு மணிக்குப் பிறகே ஒலித்தது. அதற்குள் பல ஊர்களில் தெருக்களை நீர் சூழ்ந்துவிட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மௌனம் உயிரைப் பறிக்கும். அதே வேளையில், தவறான அலறலும் தீங்கற்றதன்று. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் 2018 ஜனவரி 13-ஆம் நாள் நடந்த நிகழ்ச்சி இதற்குச் சான்று. அன்று சனிக்கிழமை. காலை 8.07 மணிக்கு அங்குள்ள கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறின. ஹவாயை நோக்கி ஏவுகணை வருகிறது, உடனே பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள், இது ஒத்திகையன்று என்றது செய்தி. பெற்றோர் பிள்ளைகளைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினர். பலர் தொலைவிலிருந்த உறவினர்களை அழைத்து விடைபெற்றனர்.

ஏவுகணை எதுவும் வரவில்லை. பணி நேர மாற்றத்தின்போது நடைபெற்ற ஓர் ஒத்திகையில், பணியாளர் ஒருவர் உண்மையான எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். தவறு நடந்துவிட்டது என்பது சில நிமிடங்களிலேயே அலுவலகத்தில் தெரிந்துவிட்டது. ஆயினும் மறுப்புச் செய்தி கைப்பேசிகளுக்கு வந்து சேர 38 நிமிடங்கள் ஆயின. காரணம் எளியது. எச்சரிக்கையின் வாசகம் முன்பே தயாராக இருந்தது. ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்னும் வாசகத்தை யாரும் தயார்செய்து வைக்கவில்லை. மாநில ஆளுநர் டேவிட் இகே டுவிட்டரில் மறுப்புத் தெரிவிக்க முயன்றார்; தம் கணக்கின் கடவுச்சொல் நினைவுக்கு வராததால் அதுவும் தாமதமானது என்பதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். சிரிப்பு வரலாம். குளியலறைத் தொட்டிக்குள் பிள்ளையை அணைத்துக்கொண்டு 38 நிமிடங்கள் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

தென்கொரியத் தலைநகர் சோலில் 2023 மே 31 அன்று காலை 6.41 மணிக்கு, வெளியேறத் தயாராகுங்கள் என்ற எச்சரிக்கை ஒலித்தது. வடகொரியா விண்ணை நோக்கி ஏவிய ராக்கெட்டே அதற்குக் காரணம். ஆனால் ஏன் வெளியேற வேண்டும், எங்கே செல்ல வேண்டும் என்று செய்தியில் இல்லை. இருபது நிமிடங்களுக்குப் பிறகு, அது தவறாக அனுப்பப்பட்டது என்று உள்துறை அமைச்சு அறிவித்தது. மக்களை அச்சுறுத்தத் தெரிந்த செய்திக்கு வழிகாட்டத் தெரியவில்லை.

இனி, பாட்டியின் இரண்டாவது ஐயம்: அனுப்பியவர் யார்?

இதைப் புரிந்துகொள்ள, செய்தி கைப்பேசிக்கு வந்து சேரும் வழியை அறிய வேண்டும். குறுஞ்செய்தி என்பது அஞ்சல்காரர் வீடு வீடாகச் சென்று கடிதம் கொடுப்பதைப் போன்றது. ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே அனுப்பப்படும். பத்து இலட்சம் பேருக்கு அனுப்ப நேரம் பிடிக்கும்; வலையமைப்பில் நெரிசல் இருந்தால் இன்னும் தாமதமாகும். இதற்கு மாறாக, ‘செல் பிராட்காஸ்ட்’ எனப்படும் கோபுர ஒலிபரப்பு, கோயில் ஒலிபெருக்கியைப் போன்றது. ஒரு பகுதியில் உள்ள கைப்பேசிக் கோபுரங்கள் செய்தியை ஒரே நேரத்தில் ஒலிபரப்பும். அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளும் சில நொடிகளில் அதைப் பெறும். ஒலி அடக்கப்பட்டிருந்தாலும் பல கைப்பேசிகள் உரக்க அலறும். யாருடைய எண்ணும் தேவையில்லை. ஒலிபெருக்கிக்கு யார் யார் கேட்டார்கள் என்று தெரியாதது போலவே, கோபுரத்திற்கும் யார் யார் பெற்றார்கள் என்று தெரியாது. மலேசியாவிலும் இம்முறையைக் கொண்டுவரும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்துள்ளது.

இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. ஏனெனில், கைப்பேசி தானாக அலறும்போது மக்களுக்கு முதலில் தோன்றும் எண்ணம், யாரோ நம் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டார்கள் என்பதே. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 ஜூலை 20 அன்று இம்முறையைச் சோதித்துப் பார்த்தது. இது ஒரு மாதிரிச் செய்தி, இதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றே அதில் எழுதியிருந்தது. இருப்பினும், முன்னறிவிப்பைக் கேள்விப்படாத பலர் திகைத்துப்போய், தங்கள் கைப்பேசி ஊடுருவப்பட்டதோ என்று கேட்டனர். அதே ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் தமிழ்நாட்டில் இச்சோதனை நடைபெற்றது. ஏறக்குறைய ஆறு வாரங்களில் மிக்ஜாம் புயல் வந்து சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்தியது. ஒத்திகைக்கும் உண்மைக்கும் நடுவே இருந்த இடைவெளி அவ்வளவே.

அமெரிக்காவிலும் 2023 அக்டோபர் 4 அன்று நாடு தழுவிய சோதனை நடந்தது. அதற்கு முன்பே, அந்த ஒலி தடுப்பூசி போட்டவர்களின் உடலுக்குள் எதையோ தூண்டிவிடும் என்னும் வதந்தி சமூக ஊடகங்களில் பரவியது. குறித்த நேரத்தில் கைப்பேசிகள் ஒலித்தன. யாருக்கும் எதுவும் நேரவில்லை. வதந்தியைப் பரப்பியவர்கள் அடுத்த வதந்திக்குத் தாவினர்.

ஐயங்கள் எல்லாமே இப்படி வெறும் கற்பனைகள் அல்ல. அதே ஆண்டு ஏப்ரல் 23 அன்று பிரிட்டனில் நடைபெற்ற சோதனைக்கு முன், குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அமைப்புகள் ஓர் அச்சத்தை வெளியிட்டன. கொடுமைக்குப் பயந்து இரகசியமாக ஒரு கைப்பேசியை ஒளித்து வைத்திருக்கும் பெண் என்ன ஆவாள்? அது திடீரென்று அலறினால் அவள் காட்டிக்கொடுக்கப்படுவாளே! அத்தகையோர் எச்சரிக்கையை முன்கூட்டியே அணைத்துவைக்கும் வழியை அரசாங்கம் விளக்கிச் சொன்னது. கேள்வி கேட்டவர்களைப் பயந்தவர்கள் என்று தள்ளியிருந்தால் இந்த வழி பிறந்திருக்காது.

மலேசியாவில் இந்த இரண்டாவது ஐயத்திற்கு வலுவான காரணம் இருக்கிறது. மோசடிக்காரர்கள் அரசுத் துறை, வங்கி, கூரியர் நிறுவனம் என எந்த வேடமும் போடுகிறார்கள். ‘ஆர்எம்0’ என்பது, பெறுபவருக்குக் கட்டணம் இல்லை என்பதைக் குறிக்கும் அடையாளம். அதை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். இதனால்தான், 2023 மே 2 முதல் தனிநபர்களுக்கிடையே அனுப்பப்படும் குறுஞ்செய்திகளில் இணைய இணைப்பு இருந்தால் அதைத் தடுக்குமாறு தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பணிக்கப்பட்டன. மோசடிக்காரர்கள் வேறு வழி கண்டனர். போலிக் கோபுரமாகச் செயல்படும் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றிவந்த கும்பலைச் சேர்ந்தவர்கள் 2024 நவம்பரில் கைது செய்யப்பட்டனர். அந்தக் கார் கடந்து செல்லும்போது, அருகில் இருக்கும் கைப்பேசிகள் அதை உண்மையான கோபுரம் என்று நம்பி இணைந்துகொள்ளும். பிறகு, தெரிந்த நிறுவனத்தின் பெயரிலேயே பொய்ச்செய்தி வந்து விழும்.

ஆக, அனுப்பியவரின் பெயரைப் பார்த்து மட்டும் நம்பிவிட முடியாது. பாட்டியின் சந்தேகம் நியாயமானது. ஆனால் செய்தி என்ன கேட்கிறது என்பதைப் பார்த்தால் பெரும்பாலும் புரிந்துவிடும். உண்மையான பேரிடர் எச்சரிக்கை ஓர் இடத்தைச் சொல்லும், ஒரு நேரத்தைச் சொல்லும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். அது வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்காது, கடவுச்சொல்லைக் கேட்காது, பரிசு தருவதாகச் சொல்லாது. மேலும், உண்மையான செய்தியை இன்னோர் இடத்தில் சரிபார்க்க முடியும். வானிலைத் துறையின் மைச்சுவாச்சா செயலியில் எச்சரிக்கைகளைக் காணலாம். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் இணையத்தளத்தில் ஒவ்வோர் ஆற்றின் நீர்மட்டமும் சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்னும் நான்கு நிலைகளில் காட்டப்படுகிறது. ஏமாந்து பணத்தை இழந்தவர்கள் உடனே அழைப்பதற்கு 997 என்ற எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு தடை மிச்சமிருக்கிறது. பாட்டிக்கு அந்தச் செய்தியைப் படிக்கத் தெரியவில்லை. அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். காலையில் நாளிதழை ஒரு வரி விடாமல் படிப்பவர். மலாய் பேச்சு சந்தைக்குப் போதுமான அளவுக்கு வரும். ‘தொடர்மழை’, ‘வெள்ள அபாயம்’ என்று திரையில் இருந்திருந்தால் பேரனை அழைத்திருக்கமாட்டார். மோசடி என்றும் நினைத்திருக்கமாட்டார். புரியாத மொழியில் வரும் அவசரச் செய்தி, முகம் தெரியாதவர் கதவைத் தட்டுவது போன்றது. இந்தியாவில் பேரிடர்க் குறுஞ்செய்திகள் அந்தந்த மாநில மொழிகளில் அனுப்பப்படுகின்றன. தமிழ்நாட்டில் தமிழில் வருகின்றன. இங்கே, வீட்டில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்கள். அவர்கள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் கைப்பேசி ஒலித்தால், மொழிபெயர்க்க ஆள் இல்லை.

அன்று பேரன் வீட்டில் இருந்தான். செய்தியை அழிக்காமல், நீர்மட்டம் காட்டும் இணையத்தளத்தைத் திறந்தான். அவர்கள் இருப்பது நான்காம் மாடி. ஆறு அருகில் இல்லை. அவனுக்கு நினைவுக்கு வந்தது தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கும் அத்தையின் வீடு. கிள்ளான் ஆற்றில் அத்தை வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தின் நேரே ‘விழிப்பு’ என்னும் மஞ்சள் நிறம் தெரிந்தது. சற்று முன் அது பச்சையாக இருந்ததா, ஏற்கெனவே மஞ்சளாகத்தான் இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“பாட்டி, இது மோசடி இல்ல. தண்ணி ஏறுது. அத்தைக்குப் போன் போடட்டுமா?”

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். மஞ்சள் நிறம் புரிந்தது. “போடு,” என்றார்.

மறுமுனையில் அத்தை உடனே எடுத்தார். பின்னணியில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

“எங்களுக்கும் வந்துச்சுய்யா. மாமா அப்பவே காரை மேட்டுல கொண்டுபோய் நிறுத்திட்டாரு. அந்த வருசத்துக்கு அப்புறம் வானம் கறுத்தாலே இங்க யாரும் சாவியைக் கீழ வைக்கிறதில்ல. பாட்டிகிட்ட குடு, பேசுறேன்.”